பூச்சியுண்ணிச் செடி விதை: முளைக்கவில்லை, கருகுகிறது, வளரவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும்

ஆடி மாதம் தென்காசியில் சாரலும் மலைக் கணவாய் வழியே வரும் காற்றும் சேர்ந்து அடிக்கும். ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தால் கொடியில் கிடக்கும் துணி காய்ந்துவிடும். அதே நாள் செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏறி, கேரளப் பக்கம் ஆரியங்காவுக்குள் போய்ப் பாருங்கள். வாரக்கணக்கில் ஈரம் விடாது, துணியில் பூசணம் பிடிக்கும். பூச்சியுண்ணிச் செடியை விதை போட்டு வளர்க்க நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஒரே விதை, ஒரே மண்கலவை, ஒரே மாதம். அங்கே அழுகிச் சாகும், இங்கே காய்ந்து சாகும். விதைப் பொட்டலத்தோடு வரும் குறிப்போ குளிர்நாட்டுக் கண்ணாடி வீட்டுக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே பின்பற்றினால் இரண்டு ஊரிலும் நாற்று நிற்காது.

அதனால் அறிகுறியை வைத்துக் காரணம் தேடும்படி இதை எழுதுகிறேன். அழுகண்ணி என்று நாம் சொல்லும் ட்ரோசெரா பர்மானி, ட்ரோசெரா இண்டிகா, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ட்ரோசெரா கேப்பென்சிஸ், இலையே பொறியாக மூடும் அமெரிக்காவின் வீனஸ் ஃப்ளைட்ராப், குழாய் போன்ற இலையுள்ள சாரசீனியா, குடுவைச் செடியான நெப்பந்தஸ் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஒரு வேண்டுகோள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரையும் மண்ணையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது.

விதை முளைக்கவே இல்லை

முதலில் கையில் இருப்பது அந்த விதைதானா என்று பாருங்கள். ஃப்ளைட்ராப் விதை கறுப்பாக, பளபளப்பாக, ஒரு பக்கம் கூம்பிய நீர்த்துளி வடிவில் இருக்கும்; நீளம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். அழுகண்ணி விதை மூக்குப்பொடி மாதிரி. வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால்தான் கண்ணில் படும், மூச்சுவிட்டால் பறந்துவிடும். சாரசீனியா விதை வெளிர் பழுப்பு, ஃப்ளைட்ராப் விதையைவிடக் கொஞ்சம் பெரியது. நெப்பந்தஸ் விதை மெல்லிய நூல் துண்டு போல இருக்கும், நடுவில் மட்டும் சிறிது புடைத்திருக்கும். இணையத்தில் "நீல நிற ஃப்ளைட்ராப்", "ஊதா ஃப்ளைட்ராப்" என்று படம் போட்டு விற்கும் விதையை வாங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம். அப்படி ஒரு செடியே கிடையாது. ஃப்ளைட்ராப் பச்சையாக இருக்கும், சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான். தக்காளி விதை அளவில் தட்டையாக எது வந்திருந்தாலும் அது பூச்சியுண்ணி இல்லை.

விதை சரி என்றால் அடுத்த கேள்வி: மண் போட்டு மூடினீர்களா? இந்த விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரக் கலவையின் மேல் தூவி, அப்படியே விட்டுவிட வேண்டும். நம் வீடுகளில் கீரை விதைக்கும் பழக்கத்தில் கை தானாக மண்ணைக் கிளறிவிடும். அது வேண்டாம். தூவிய பிறகு மேலிருந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது. விதையெல்லாம் ஒரு ஓரத்தில் சேர்ந்து பள்ளத்துக்குள் போய்விடும். தொட்டியைத் தட்டில் வைத்துக் கீழிருந்து ஈரம் ஏறவிடுங்கள்.

அடுத்தது காலம். அழுகண்ணி வகைகளும் ஃப்ளைட்ராப்பும் புது விதையாக இருந்தால் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் தலை காட்டும். நெப்பந்தஸுக்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும். அதன் விதைக்கு ஆயுளும் குறைவு. பறித்துச் சில மாதம் போனாலே முளைப்பு சரிந்துவிடும். பழைய நெப்பந்தஸ் விதை யாராவது இலவசமாகக் கொடுத்தால்கூட அதற்காக ஒரு தொட்டியை ஒதுக்க மாட்டேன்.

சாரசீனியா வேறு கதை. குளிர்காலம் கடந்து வந்தோம் என்று அந்த விதைக்குத் தெரிய வேண்டும். ஈரமான ஸ்பேக்னம் என்னும் சதுப்புநிலப் பாசியிலோ ஈரக் காகிதத்திலோ சுற்றி, மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல. பையின் மேல் தேதியையும் பெயரையும் எழுதுங்கள், வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள். இந்தப் படி இல்லாமல் தூவினால் மாதக்கணக்கில் தொட்டி வெறுமையாகவே கிடக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் எறும்பைப் பாருங்கள். மாடியில் வைத்த தொட்டியிலிருந்து எறும்புகள் விதையைத் தூக்கிப் போய்விடும். தொட்டி நிற்கும் தட்டில் தண்ணீர் இருந்தால் போதும், எறும்பு ஏறாது. தொட்டி சுவரைத் தொடக்கூடாது.

விதை மேல் வெள்ளைப் பூஞ்சை

மூடி போட்ட டப்பாவுக்குள் காற்று நின்றுபோனால் இது வரும். புளியரைக்கு மேலே கோடை தவிர எல்லா மாதமும் வரும். முளைக்காத செத்த விதையில்தான் முதலில் பிடிக்கும். அந்த விதையை மட்டும் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மூடியே வேண்டாம், காற்றே போதுமான ஈரத்தோடு இருக்கிறது. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் மூடி தேவை. ஆனால் தினமும் ஒருமுறை திறந்து விசிறுங்கள். அடுத்த முறை விதைக்கும் முன் கலவையின் மேல் கொதிக்கும் நீரை ஊற்றி, நன்றாக ஆறவிட்டு, பிறகு தூவுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

முளைத்த நாற்று கழுத்தில் கறுத்துச் சாய்கிறது

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்ணோடு படுத்திருக்கும். குனிந்து பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் சுருங்கி நூலாகியிருக்கும். மிளகாய், தக்காளி நாற்றங்காலில் வருமே, அந்த நாற்றழுகல்தான். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற, பூஞ்சையும் பூஞ்சை போன்றதுமான நுண்ணுயிர்கள் காரணம். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம். சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு ஸ்பூனால் தோண்டி எடுத்து வீசுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கால் அங்குலத்துக்குக் குறையுங்கள். காற்றோட்டம் கொடுங்கள்.

தொட்டியைத் தட்டினால் சின்னக் கறுப்புக் கொசு போன்ற ஈக்கள் கிளம்புகின்றனவா? அப்படியானால் வேரைத் தின்பது அவற்றின் புழுக்கள். கண்ணாடி போன்ற உடல், கறுப்புத் தலை. மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் ஈக்கள் மாட்டும். புழுவுக்கு, கொசுப்புழுவை ஒழிக்கப் பயன்படும் பி.டி.ஐ. பாக்டீரியாத் தூளைத் தட்டுத் தண்ணீரில் கலக்கலாம், செடிக்குக் கெடுதல் இல்லை. வெள்ளையாகத் துள்ளும் நுண்பூச்சிகள் வேறு. அவை அழுகலைத் தின்று வாழ்பவை. அழுகண்ணி நாற்றுக்கு அவைதான் முதல் சாப்பாடு. அவற்றை விட்டுவிடுங்கள்.

மண் மேல் பச்சைப் படலம், பாசி

வழவழப்பான பச்சைப் படலம் என்றால் தண்ணீரிலோ மண்ணிலோ சத்து கூடுதல் என்று அர்த்தம். தண்ணீரைச் சோதியுங்கள், அடுத்த பகுதியில் விரிவாக வருகிறது. மென்மையான பாசி என்றால் அவ்வளவு பயம் வேண்டாம். ஆனால் அழுகண்ணி நாற்று ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் பல வாரம் நிற்கும். பாசி அதைவிட வேகமாக ஏறி மூடிவிடும். மலைப்பக்கம் மரத்திலும் மதிலிலும் பாசி இருக்கும் ஊரில் தொட்டிக்குள் அதன் வித்து விழாமல் தடுக்க முடியாது. கிழமைக்கு ஒருமுறை பூதக்கண்ணாடியும் இடுக்கியுமாக உட்கார்ந்து பறிப்பதுதான் வழி. நாடா போலத் தட்டையாகப் படரும் ஈரல்பாசியை மட்டும் கண்டவுடன் எடுத்துவிடுங்கள். அது ஒரு மழைக்காலத்துக்குள் தொட்டி முழுவதையும் பிடித்துவிடும்.

இலை நுனி கருகுகிறது, தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவம்

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

இந்தச் செடிகள் வளர்வது சத்தில்லாத சதுப்பிலும் பாறை மேல் ஊறும் ஈரத்திலும். மண்ணில் கிடைக்காததை இலை பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உப்பைத் தாங்கும் வேலையை வேர் கற்றுக்கொள்ளவே இல்லை. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் உப்பும் தட்டிலிருந்து ஏறி, தண்ணீர் மட்டும் ஆவியாகி, உப்பு கலவையின் மேல்பகுதியில் தங்கிவிடும். நாற்றின் வேர் இருப்பதும் அந்த மேல்பகுதியில்தான். அதனால்தான் முதல் மாதம் நன்றாக இருந்த நாற்று மூன்றாம் மாதம் கருகுகிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உரம் வாங்கும் காசில் அதை வாங்குங்கள். அளவு 50 பி.பி.எம்.-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 50 முதல் 100 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் இந்தச் செடிக்கு வேண்டாம். போர் தண்ணீர் பல நூறு காட்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலும் அளந்துவிட்டே ஊற்றுங்கள். பல இயந்திரங்களில் சுவைக்காக, உப்பு நீக்காத தண்ணீரில் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று உண்டு. குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர் மீட்டரில் 120 காட்டும். பாட்டில் தண்ணீரில் பல நிறுவனங்கள் தாது சேர்க்கின்றன, அதுவும் உதவாது. பேட்டரிக்கு ஊற்றும் தாதுநீக்கிய தண்ணீர் உதவும்.

நம் பகுதிக்கு வாய்த்த நல்ல விஷயம் மழை. சாரல் மாதங்களில் பிடித்து வைத்தால் கோடைக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்பது முக்கியம். சிமெண்ட் ஷீட் கூரையிலிருந்தும் காரை போட்ட தளத்திலிருந்தும் வரும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். ஓட்டுக் கூரையோ தகரமோ நல்லது. முதல் மழையைக் கழிய விடுங்கள், இரண்டாம் மழையைப் பிடியுங்கள். டிரம் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். டெங்குக் கொசு சுத்தமான தண்ணீரிலும் முட்டையிடும்.

தண்ணீர் சரியாக இருந்தும் கருகினால் கலவையைச் சந்தேகியுங்கள். "அண்ணாச்சி, தேங்காய் நார்த்தூள்தான் போட்டேன், இயற்கையானதுதானே" என்று செங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டார். இயற்கைதான், ஆனால் உப்பு. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. காயலில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் கடல் உப்பும் சேரும். "ஒரு பிடியை மழைத்தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரை அளந்து பாருங்க தம்பி" என்றேன். ஊற்றிய தண்ணீர் 20. பிழிந்து வந்தது மீட்டரில் நான்கு இலக்கம். அவருடைய ஃப்ளைட்ராப் நாற்று ஏன் கருகியது என்று அதற்குமேல் விளக்கத் தேவைப்படவில்லை.

நார்த்தூளைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் ஊறவைத்துப் பிழிவதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிழிந்த தண்ணீரும் ஊற்றிய தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும்வரை விடக்கூடாது. அப்படிக் கழுவியதில் அழுகண்ணி வளரும். ஃப்ளைட்ராப்புக்கும் சாரசீனியாவுக்கும் உரம் கலக்காத ஸ்பேக்னம் பீட்டும் (மட்கிய சதுப்புப் பாசி) பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக்கல் துகள்) பாதிக்குப் பாதி கலந்து போடுவதே நல்லது. பெர்லைட்டுக்குப் பதில் மணல் என்றால் முதலில் ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த மணல் வேண்டாம். நுரைக்காவிட்டாலும் கழுவும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். எம்-சாண்டில் கல்தூள் அதிகம், நான் சேர்ப்பதில்லை. மண்தொட்டியும் வேண்டாம், அது உப்பை உறிஞ்சிச் சுவரில் வைத்துக்கொள்ளும்.

கருகத் தொடங்கிய தொட்டிக்கு முதலுதவி: தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு மழைத்தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, அடியில் முழுவதும் வடியவிடுங்கள். தட்டில் சேர்ந்ததைக் கொட்டிவிடுங்கள். புதிதாக வரும் இலை சுத்தமாக வந்தால் பிழைத்தது. பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உயிரோடு இருக்கிறது, ஆனால் வளரவே இல்லை

பசி. விதையில் இருந்த உணவு முதல் இரண்டு இலையோடு தீர்ந்துவிடும். கலவையில் சத்து இல்லை. நாற்றின் இலைக்குள் அடங்கும் அளவுக்குப் பூச்சியும் கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் பலருக்குக் கை பஞ்சகவ்யத்தையோ மண்புழு உரத்தையோ தேடும். தயவுசெய்து தொட்டியில் எதையும் போடாதீர்கள், வேர் கருகிவிடும். உணவு இலைக்குத்தான் போக வேண்டும்.

வளர்ப்பு மீன் கடையில் விற்கும் காய்ந்த புழு உணவை வாங்கி விரலுக்கிடையே மாவாக நசுக்குங்கள். பல்குத்தும் குச்சியின் நுனியை ஈரமாக்கி அதில் தொட்டால் ஒட்டும் துகள் போதும். அழுகண்ணி நாற்றின் இலையில் அதை வையுங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓர முடிகள் துகளை நோக்கி வளைவது தெரியும். பர்மானியின் ஓர முடி நொடிகளில் வளையும், மற்றவை நேரம் எடுக்கும். மறுநாள் அந்த இடம் ஈரமாக, பளபளப்பாக இருந்தால் செரிக்கிறது. துகள் மேல் பூஞ்சை பூத்திருந்தால் அதிகம் வைத்துவிட்டீர்கள், அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு இலைக்கு வைத்தால் போதும். சாப்பிட்ட நாற்றும் சாப்பிடாத நாற்றும் ஒரே தொட்டியில் இரண்டு மாதத்தில் அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாத அளவுக்கு வேறுபட்டு நிற்கும்.

ஃப்ளைட்ராப் நாற்றுக்குக் கொஞ்சம் வேலை கூடுதல். பொறியின் உள்முடி இருபது நொடிக்குள் இரண்டு முறை தொடப்பட்டால்தான் மூடும். மூடிய பிறகும் உள்ளே அசைவு தொடர்ந்தால்தான் செரிமானச் சாறு சுரக்கும். காய்ந்த உணவு அசையாது. அதனால் மூடியதும் பொறியின் இரு பக்கத்தையும் குச்சியால் மிக மெதுவாக அழுத்தி அழுத்தி விட வேண்டும். செய்யாவிட்டால் ஓரிரு நாளில் பொறி திறந்து உணவை அப்படியே விட்டுவிடும். விதையிலிருந்து முழு அளவுக்கு வர மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும் செடி இது. மெதுவாக வளர்வது நோய் அல்ல.

இலை நீண்டு, வெளுத்து, சாய்ந்து வளர்ந்தால் அது பசி இல்லை, வெளிச்சக் குறைவு. மலைப்பக்கம் மழைக்காலம் முழுவதும் இதுதான் நிலை. வெள்ளை எல்.இ.டி. டியூப் ஒன்றைத் தொட்டிக்கு ஒரு அடிக்குள் தொங்கவிட்டு, தினம் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் எரியவிடுங்கள்.

அழுகண்ணி இலையில் பசைத்துளி இல்லை

தென்காசிப் பக்கம் என்றால் காற்று. கணவாய்க் காற்று நேராக விழும் இடத்தில் துளி நிற்காது. மேற்குப் பக்கம் ஒரு தடுப்பு வையுங்கள், அல்லது பெரிய பாட்டிலின் அடியை வெட்டிச் செடி மேல் வைத்து, அதன் மூடியைக் கழற்றி விடுங்கள். ஆரியங்காவுப் பக்கம் என்றால் மழை நேரடியாக விழுந்து கழுவிவிடுகிறது, கூடவே வெளிச்சமும் குறைவு; கூரைக்கடியில் வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். இடம் மாற்றிய பிறகு புது இலையில்தான் துளி வரும், ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர் தெளித்திருந்தால் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம்.

நெப்பந்தஸ் நாற்றில் குடுவை இல்லை

நெப்பந்தஸ் நாற்றில் விதையிலைக்கு அடுத்து வரும் இலையிலேயே குண்டூசித் தலை அளவில் குடுவை இருக்கும். அது நுனியில் கருகி நின்றுவிட்டால் காற்றில் ஈரம் போதவில்லை. தென்காசியில் பங்குனி, சித்திரை மாதங்களில் மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் அல்லாமல் இதை வளர்ப்பது சிரமம். ஆரியங்காவில் இயல்பாக வரும். மேகாலயாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் காசியானா நம் நாட்டின் ஒரே நெப்பந்தஸ், காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளது. யார் கொடுத்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கோடையில் ஃப்ளைட்ராப் அடியிலிருந்து கறுக்கிறது

சித்திரை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, கீழே சூடேறிய தேங்கிய தண்ணீர். கிழங்கு வெந்து அழுகும். தொட்டியை வெள்ளைத் தொட்டிக்குள் வையுங்கள், மதிய வெயிலை மறையுங்கள், தண்ணீரை ஊற்றி வடியவிடுங்கள், தேங்க விடாதீர்கள். கேப்பென்சிஸும் இந்த வெயிலில் துவளும். அழுகண்ணிகள் இரண்டும் தாங்கும்.

மார்கழியில் வெளி இலைகள் கறுத்து நடு மட்டும் சிறுத்துப் பச்சையாக இருந்தால் அது ஓய்வு. ஃப்ளைட்ராப்புக்கும் சாரசீனியாவுக்கும் மூன்று, நான்கு மாதக் குளிர் வேண்டும். மூணாறு, தேவிகுளம் பக்கம் உறவினர் இருந்தால் கார்த்திகையில் கொடுத்துவிட்டு மாசியில் வாங்கி வரலாம். நம் சமவெளியில் ஓய்வே இல்லாமல் வளரும் ஃப்ளைட்ராப் சில வருடத்தில் களைத்துவிடும். இதை முன்பே தெரிந்துகொண்டு வாங்குங்கள். முதல் செடியாக எதைப் போடலாம் என்று என்னைக் கேட்டால் பர்மானியைத்தான் சொல்வேன்.

நன்றாக இருந்த அழுகண்ணி பூத்ததும் செத்துவிட்டது

எந்தத் தவறும் இல்லை. பர்மானியும் இண்டிகாவும் பெரும்பாலும் ஒரே பருவத்துச் செடிகள். பூத்து, விதை கொடுத்து, முடிந்துவிடும். தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். பூத்தண்டு பழுப்பாகிக் காய் வெடிக்கத் தொடங்கும்போது வெள்ளைத் தாளை அடியில் பிடித்துத் தண்டை லேசாகத் தட்டுங்கள். ஒரு தண்டிலிருந்தே அடுத்த ஆண்டுக்கு வேண்டிய அளவு விழும். தாளிலேயே மடித்து, தேதி எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியில் வைத்தால் நம் ஈரத்துக்கு விரைவில் வீணாகும்.

இந்த விதை கையில் இருக்கும்போது செந்துருணி, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் போய்ப் பறிக்க வேண்டிய அவசியமே இல்லை. சரணாலயத்தில் பறிப்பது குற்றம். பிடுங்கி வந்த அழுகண்ணி வேர் அறுந்து பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. நாற்றையும் இடம் மாற்றாதீர்கள். எந்தத் தொட்டியில் வளர வேண்டுமோ அதிலேயே தூவுங்கள்.

விதைக்க நான் சொல்லும் காலம் ஆவணி. காற்று கொஞ்சம் தணியத் தொடங்கியிருக்கும், டிரம்மில் மழைத்தண்ணீர் இருக்கும், கோடை வருமுன் நாற்றுக்கு ஆறு மாத வளர்ச்சி கிடைக்கும். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் என்றால் தை வரை தள்ளிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்து நல்ல வெயில் விழும், நாற்றழுகலுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டியிருக்காது.